மதகைப் பார்க்க வைகாசியில் போனோம்

சட்டசபை மெம்பர் வேலையில் பாதி, நடக்காத காரியத்துக்குக் காரணம் சொல்வது. கோயில் தர்மகர்த்தாவாகவோ, சங்கத் தலைவராகவோ இருந்து ஊராரிடம் மாட்டிக்கொண்டு விழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து ஊர்களுக்காக நான் பதினாறு வருஷம் அப்படி விழித்தேன்.

ஓட்டு இல்லாதவர்

அப்போது எல்லாருக்கும் ஓட்டுக் கிடையாது. ஓரளவுக்கு மேல் தீர்வை கட்டுகிறவர்களின் பெயர்தான் பட்டியலில் இருக்கும். பூந்தமல்லியில் துணிக்கடை வைத்திருந்த என் நண்பர் காதர் பாய் பட்டியலைப் படிப்பார். பெயர் உள்ள வீட்டில் மட்டும் நாங்கள் நின்று ஓட்டுக் கேட்போம். பாரிவாக்கத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில், நாங்கள் தாண்டிப்போன வீட்டிலிருந்து ஒருவர் ஓடிவந்து வழியை மறித்தார். முனுசாமி என்று பெயர். ஒன்றரைக் காணி நிலக்காரர்.

எங்களை ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனார். மதகின் பலகை இற்றுப்போய்த் தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. தை பிறப்பதற்குள் ஏரி பாதியாகிவிடும், இரண்டாம் போகம் கதிர் வாங்கும் சமயத்தில் காய்ந்துவிடும் என்றார். புது மதகு வைத்துத் தருவதாகச் சொன்னேன். ஓட்டுக்காகச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"எனுக்கு ஓட்டு இல்ல நைனா. ஆனா ஏரிக்கு அது தெரியாது, ஒழுவிக்கினே கீது."

கோட்டும் தலைப்பாகையும்

ஜெயித்தேன். சபையில் கேள்வி கேட்பதென்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், இங்கிலீஷில். எழுதிக் கொடுத்து நாலு மாதம் கழித்து என் முறை வந்தது. கோட்டும் தலைப்பாகையுமாக எழுந்து மதகைப் பற்றிக் கேட்டேன். "விஷயம் சர்க்காரின் கவனத்தில் இருக்கிறது" என்று பதில் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் மேஜையைத் தட்டினார்கள். அந்தப் பூரிப்போடு நேராக முனுசாமியிடம் போய்ப் பதிலைத் தமிழில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கவனத்துல கீதுன்னா, அது எந்த மாசம் நைனா?"

துப்பாக்கி

கோவில்பதாகையில் ஒரு பெரிய நிலக்காரர், ஓட்டு உள்ளவர், பன்றி சுடத் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டார். மூன்று தடவை கலெக்டர் கச்சேரிக்கு நடந்து ஒரே மாதத்தில் வாங்கிக் கொடுத்தேன். நன்றி சொல்ல வருவார் என்று காத்திருந்தேன். வந்தார்.

"துப்பாக்கி வந்துட்ச்சி மெம்பரய்யா. குறிதான் தப்புது, அதுக்கு ஏதாவது சபையில பேசுங்க."

வைகாசி

கடைசியில் ஒரு கார்த்திகையில், மதகைப் பார்க்க வருவதாகச் சர்க்கார் இன்ஜினீயர் எழுதினார். எனக்குப் புது மோட்டார் வண்டி வந்திருந்த சமயம். நெமிலிச்சேரிப் பக்கம் ஒருமுறை அது அச்சு வரை சேற்றில் இறங்கி, நாலு மாடு பூட்டி இழுக்க வேண்டியதாயிற்று. ஆகவே வைகாசியில் வரும்படி இன்ஜினீயருக்குக் கடிதம் போட்டேன். முனுசாமியிடம், "சேற்றில் வண்டி வராதப்பா" என்றேன். அவர் வண்டியைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார்.

வைகாசியில் வண்டி கரை வரை சுகமாக வந்தது. ஏரி வெடித்துக் கிடந்தது. நடு ஏரியில் ஆடு மேய்ந்தது. மதகின் வாயைக் காய்ந்த வண்டல் மூடியிருந்தது. முனுசாமி மண்வெட்டி எடுத்துவர ஓடினார். அவர் திரும்புவதற்குள் இன்ஜினீயர் குடை நிழலில் இரண்டு நுங்கு சாப்பிட்டுவிட்டு, 'கசிவு காணப்படவில்லை' என்று எழுதி முடித்திருந்தார். கார்த்திகையில் வந்திருந்தால் கசிவு தெரிந்திருக்கும், என் வண்டிக்காகத்தான் நாளை மாற்றினேன் என்று அவரிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நின்றேன். கூட வந்திருந்த காதர் பாய் என் காதில் சொன்னார்:

"கன்னு போடாத மாட்டைப் பாத்துட்டு பால் இல்லேன்னு எழுதிக்கினு போறாரு. நீ வழியனுப்ப நிக்கிறியே, மாமே!"

மணல்

மறுபடி கேள்வி எழுதிக் கொடுத்தேன். 'கசிவு காணப்படவில்லை' என்றே பதில் வந்தது. அதற்கு அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் மதகு பிடுங்கிக்கொண்டு போயிற்று. அதோடு கரையும் போயிற்று. சேதி கேட்டதும் வண்டியை ரோட்டிலேயே விட்டுவிட்டு, முழங்கால் சேற்றில் இரண்டு மைல் நடந்தேன்.

ஒன்றரைக் காணியும் மணல்மேடாகக் கிடந்தது. பட்டணத்தில் மில் வேலைக்குப் போவதற்காக முனுசாமி பாத்திரங்களைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் காலில் ஊற்றினார். சேறு போகும் வரை ஊற்றிவிட்டுச் சொன்னார்:

"இன்னிக்கு நடந்தே வன்ட்டியே நைனா. அந்தக் கார்த்திகையிலயும் இப்டியே இஞ்சினீரைக் கூட்டிக்கினு வந்திருக்கலாமே."

அதற்குப் பிறகும் நான் இரண்டு தேர்தலில் ஜெயித்தேன். முனுசாமியின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாததுதான் அதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.