அப்பாவின் நாரியும் என் காலும்: தலவிலயிலிருந்து புத்தளத்துக்கு

“காலால பிறந்த பிள்ளைக்குப் படிப்பு எதுக்கு? அதுட காலே ஊருக்கு ஒரு டிஸ்பென்சரி.”

எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது சம்மாட்டி மாமா சொன்னது இது. கரைவலையின் சொந்தக்காரரைத் தலவிலப் பக்கத்தில் சம்மாட்டி என்போம். அப்பா அவருடைய வலையில் இருபத்தாறு வருடமாகக் கயிறு இழுக்கிறார். நான் பிறக்கும்போது தலைக்கு முன்னால் கால் வந்ததாம். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் நாரிப்பிடிப்பு, அதாவது இடுப்புப் பிடிப்பு, விட்டுவிடும் என்பது எங்கள் கரையின் நம்பிக்கை. ஞாயிறு காலை, வெறும் வயிற்றில், இடது காலால் மூன்று மிதி. மிதிப்பவரும் படுத்திருப்பவரும் பேசக்கூடாது. ஏழு வயதிலிருந்து நான் ஏறாத நாரி எங்கள் மீனவர் வாடியில் குறைவு.

ஆனாலும் படித்தேன். எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பட்டம் வாங்கி, இப்போது பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். முள்ளந்தண்டை வட்டுகளோடும் நரம்புகளோடும் புத்தகம் பாராமல் கரும்பலகையில் வரைவேன். அப்படிப்பட்ட நான்தான் மூன்று வாரத்துக்கு முன் அப்பா “ஒருக்கா மிதி மகள்” என்று கவிழ்ந்து படுத்தபோது மிதித்தேன். எழுந்து சிரித்தார். இரண்டாம் நாள், மாதக்கணக்காக நாரியில் மட்டும் இருந்த நோவு பின்தொடை வழியாக இறங்கி இடது கணுக்கால் வரை வந்துவிட்டது.

ஊர் டாக்டர் சயாட்டிக்கா, காலுக்கு இறங்கும் நரம்பு நெரிபடுகிறது என்றார். குறையாவிட்டால் சத்திரசிகிச்சை வரலாம் என்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகு அப்பா அந்தப் பக்கமே போகவில்லை. புத்தளத்தில் ஒருவர் கைரோபிரக்டிக் பார்க்கிறார், கத்தியில்லாமல் கையாலேயே முதுகெலும்புக்கும் நரம்புக்கும் செய்யும் வைத்தியம் அது என்று என்னோடு படிப்பிக்கும் டீச்சர் சொன்னார். “கத்தி இல்லையெண்டா வாறன்” என்றார் அப்பா.

சனிக்கிழமை காலை 6.10. வீட்டிலிருந்து பெருந்தெருவுக்கு ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர். முச்சக்கரவண்டிக்கு 300 ரூபாய். அப்பாவால் உட்கார்ந்திருக்க முடியாது. பின் ஆசனத்தில் சரிந்து படுத்து, காலை வெளியே நீட்டிக்கொண்டார்.

“அங்கிள், கால உள்ளுக்கு எடுங்க, வேலியில அடிபடும்” என்றான் ஓட்டுநர்.

“நீ வேலியப் பாத்து ஓட்டு. கால நான் பாக்கிறன்.”

6.45. கற்பிட்டியிலிருந்து வந்த பஸ்ஸில் அப்பாவைக் கைத்தாங்கலாக ஏற்றினேன். பஸ் நகர்ந்த பிறகு முச்சக்கரவண்டிக்காரன் கத்திக்கொண்டு பின்னால் ஓடி வந்தான். அவன் கையில் ஒரு செருப்பு. குனிந்து பார்த்தேன். அப்பாவின் இடது கால் வெறுங்காலாக இருந்தது. பஸ் மிதிபலகையின் தகரம் கிழித்து, சுண்டுவிரலில் இரத்தமும் கசிந்திருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

“தெரியும் தெரியும். வேணுமெண்டுதான் விட்டனான்” என்றார், ஜன்னலால் அவன் நீட்டிய செருப்பை வாங்கிக்கொண்டே.

உணர்ச்சி இல்லாத கால் என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதியவள் நான்.

புத்தளத்துக்கு இன்னும் முப்பது கிலோமீற்றர் அளவு இருக்கும். இருவருக்கும் பஸ் கட்டணம் 320 ரூபாய். ஆசனங்கள் இருந்தன. அப்பா கம்பியைப் பிடித்தபடி வலது காலில் நின்றார். நுரைச்சோலையில் கத்தரிக்காய்ச் சாக்கோடு ஏறிய ஒரு முஸ்லிம் பெண் என் பக்கத்தில் அமர்ந்து, கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார்.

“வாப்பா ஏன், மகள், நிக்கிறார்? சீட்டோட கோவமா?”

“சீட்டுல இருந்தா நோ கூடும், மாமி. நரம்பு நோ.”

“எங்கட மாப்பிள்ளைக்கும் இரிந்திச்சு. ஆறு மாசம் தொழுறதும் கதிரையிலதான். பொறகு நல்லாயிட்டுது.” சாக்கைக் காலடியில் இழுத்து வைத்தார். “எத்தின மாசமா?”

“நாரி நோ ஆறேழு மாசம். காலுக்கு இறங்கி மூண்டு கிழமை.”

“என்னத்தால இறங்கினது?”

நான் பதில் சொல்லுமுன் அப்பா மேலிருந்து சொன்னார்: “வள்ளத்தால குதிச்சனான்.”

அவர் எந்த வள்ளத்திலிருந்தும் குதிக்கவில்லை. சுகம் விசாரிக்க வருகிற அத்தனை பேரிடமும் மூன்று கிழமையாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தோட்டங்களில் நீர் தெளித்துக்கொண்டிருந்தது. பாலாவியில் உப்பளப் பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. எனக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை. ஒவ்வொரு குழிக்கும் அப்பாவின் தாடை இறுகுவதையே எண்ணிக்கொண்டு வந்தேன்.

8.05. புத்தளம். பஸ் நிலையத்திலிருந்து சிகிச்சை நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. எங்களுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. கடலேரியான களப்பின் காற்று வீசும் ஒரு தெருவில், வீட்டின் முன்னறையைத்தான் சிகிச்சை அறையாக்கியிருந்தார்கள். சுவரில் முதுகெலும்புப் படம். அதைக் கண்டதும் என் முகம் சுட்டது.

வைத்தியர் புத்தளத்துக்காரர், வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். வயது நாற்பது இருக்கும். முதலில் கை வைக்கவே இல்லை, கேள்விதான். இருமினால் நோகிறதா? இரவில் புரண்டு படுத்தால் நோகிறதா? சலம் போவதில் தடங்கல் உண்டா? உட்காரும் இடம் விறைத்து மரத்துப்போகிறதா? அப்பா எல்லாவற்றுக்கும் “இல்ல, இல்ல” என்றார். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

“கால்ல இறங்கினதுக்கு முந்தி என்னமாச்சும் நடந்ததா? விழுந்தீங்களா, பாரம் தூக்கினீங்களா?”

“வள்ளத்தால குதிச்சனான்.”

வைத்தியர் எழுதத் தொடங்கினார். பேனா ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா என்னைக் காப்பாற்றுகிறார். ஆனால் அந்தத் தாளை நம்பித்தான் இந்த மனிதர் அந்த முதுகில் கை வைக்கப்போகிறார்.

“இல்ல டொக்டர்,” என்றேன். “நான் மிதிச்சனான்.”

பேனா நின்றது. அப்பா, “மகள், சும்மா இரு” என்றார். நான் இருக்கவில்லை. காலால் பிறந்தது, மூன்று மிதி, காலை பஸ்ஸில் செருப்பு கழன்றது எல்லாவற்றையும் சொன்னேன். என் தொழிலையும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் மிகவும் கஷ்டமாக இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. அப்பாவை எழுப்பிக் குதிக்காலில் நடக்கச் சொன்னார். வலது பாதம் உயர்ந்தது. இடது பாதத்தின் முன்பகுதி தரையில் தட்டித் தட்டி வந்தது. பெருவிரலைத் தன் விரலால் அமத்தி, “இதுக்கு எதிரா தூக்குங்க” என்றார். வலது விரல் தூக்கியது. இடது விரல் நடுங்கி, தோற்றது. அப்பாவின் முகத்தில் பகிடிச் சிரிப்பு இல்லாமல் போனதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

“சொன்னது நல்லது, டீச்சர். இண்டைக்கு நான் முதுகை முறுக்கவும் மாட்டன், அமத்தவும் மாட்டன்.”

நடுவில் பிரிந்து அசையும் மேசையில் அப்பாவைக் கவிழ்த்துப் படுக்கவைத்து, கீழ்ப்பாதியை மெதுவாக, மிக மெதுவாகத் தாழ்த்தி உயர்த்தினார். கயிறு இழுப்பதற்கு நேர் எதிரான வேலை போலிருந்தது. பிறகு பக்கவாட்டில் படுத்து முழங்கால்களுக்கிடையே தலையணை வைக்கவும், நரம்பை மெல்ல அசைக்கும் ஒரு பயிற்சியும் காட்டினார். அரை மணித்தியாலத்துக்கு மேல் ஒரே இடத்தில் இருக்க வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும் என்றார். ஆசுப்பத்திரி எலும்பு கிளினிக்குக்கு ஒரு கடிதமும் எழுதினார்.

“அப்ப வெட்டத்தான் போறாங்களா?” என்றார் அப்பா.

“அநேகம் பேருக்கு வெட்டு இல்லாமலே சுகமாகும். ஆனா விரல்ல பலம் குறைஞ்சிரிக்கு, அதனால அவங்களும் பாக்கணும். விரல் இன்னும் தளர்ந்தா, சலம் போகாட்டி, ரெண்டு காலும் விறைச்சா, என்னட்ட வராதீங்க. நேரா ஆசுப்பத்திரிக்குப் போங்க, அண்டைக்கே.”

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். “என்ட மிதியாலதானா?”

“வட்டு அதுக்கு முந்தியே பிதுங்கியிரிக்கலாம். நீங்கதான் காரணமெண்டு சொல்ல ஏலாது. இல்லையெண்டும் சொல்ல ஏலாது.” பிறகு அப்பாவைப் பார்த்தார். “இந்த சீசன் கயிறு பிடிக்க ஏலாது.”

“ஒக்டோபர்ல வலை இறங்குது, தம்பி.”

“வலை இறங்கட்டும். நீங்க இறங்காதீங்க.”

10.20. முதல் தடவைக் கட்டணம் 3,500 ரூபாய். பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு பேக்கரிக் கடையில் பாணும் பிளேன்டீயும் எடுத்தோம். அப்பா நின்றபடியே குடித்தார்.

“ஏன் சொன்னாய்?” என்றார் கடைசியில். “ஊரில உனக்கு ஒரு பேர் இருக்கு.”

“அந்தப் பேர் எனக்கு வேணாம், அப்பா.”

“சம்மாட்டி நாளைக்கு வாறார். வெறும் வயித்தோட. நாரி பிடிச்சிட்டாம்.”

எனக்கு அது தெரியாது. அப்பா என்னிடம் கேட்காமலே ஒத்துக்கொண்டிருக்கிறார். ஒக்டோபரில் கயிற்றைப் பிடிக்கத் தன் இடத்தைச் சம்மாட்டி வைத்திருப்பாரா என்ற பயம் அதற்குக் காரணம் என்று எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது.

புத்தளத்தில் எல்லாம் சொல்லக்கூடியதாக இருந்தது. அந்நியர் ஒருவர் கேட்டார், நான் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். தலவிலயில் அது அவ்வளவு இலேசில்லை. அங்கே என் காலுக்கு ஒரு வயதும் வரலாறும் உண்டு. பஸ் புறப்படப் பத்து நிமிடம் இருந்தது. வீட்டுக்குப் போனால் எனக்குத் துணிவு வராது என்று தெரிந்து, அப்பாவின் முன்னாலேயே தொலைபேசியை எடுத்தேன்.

“சம்மாட்டி மாமா, நாளைக்கு வராதீங்க. இனி நான் ஆரையும் மிதிக்க மாட்டன்.”

“ஏன், படிச்ச காலுக்கு நாறுதோ எங்கட நாரி?”

“அப்பாட பெருவிரல் தூக்குதில்ல, மாமா. இந்த சீசன் அவர் கயிறு பிடிக்க மாட்டார். கிழிஞ்ச வலை பொத்த, மீன் தெரிஞ்சு பிரிக்க, நின்டு செய்யிற வேலை ஏதும் குடுங்க. அவர் கேக்க மாட்டார். நான் கேக்கிறன்.”

அப்பா கோப்பையைப் பிடித்தபடி என்னைப் பார்க்காமல் நின்றார்.

“அப்ப என்ட நாரி?” என்றார் சம்மாட்டி, வேறொரு குரலில்.

“அடுத்த சனிக்கிழமை ரெண்டு பேருக்கு நேரம் எடுக்கிறன். காலைல ஆறேகாலுக்கு பெருந்தெருவில நில்லுங்க. சாப்பிட்டிட்டு வாங்க.”

சம்மாட்டி மாமா அதோடு தொலைபேசியை வைத்துவிட்டார்.

இதை எழுதுவது புதன்கிழமை. தினமும் காலையில் அப்பாவின் பெருவிரலில் என் விரலை வைத்து, “தூக்குங்க” என்கிறேன். இன்னும் தோற்கிறது, ஆனால் நேற்றைவிட மோசமாக இல்லை. ஆசுப்பத்திரிக் கிளினிக் நாளைக்கு. அதிபரின் மேசையில் என் லீவுக் கடிதத்தை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். சனிக்கிழமைக்கும் புத்தளத்து வைத்தியரிடம் அப்பாவின் பெயருக்குக் கீழே சம்மாட்டி மாமாவின் பெயரைப் பதிந்தாயிற்று.