ரிசீவரில் வைத்த பொட்டு

என் மகளுக்கு ஒரு வயது நிறைவதற்குள் அவளை என்னிடமிருந்து பிரித்தது ஒரு சந்தனப் பொட்டு. இப்படிச் சொன்னால் என் கணவர் சிரிக்கிறார். நடந்ததை எழுதிப் பார்த்தால் நானாவது தெளிவேனோ என்னவோ.

ஜமுனாமரத்தூரில், மழையையும் ஓடைத் தண்ணீரையும் அளந்துவைக்கும் ஒரு சிறிய ஆராய்ச்சி நிலையத்தில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். மலையில் அங்கங்கே எடுத்த மழை அளவெல்லாம் எங்கள் கம்ப்யூட்டரில் கோப்பு கோப்பாக இருக்கும். அப்போதெல்லாம் சென்னைத் தலைமை அலுவலகத்தாரும் சில கல்லூரிக்காரர்களும் எக்ஸ்சேஞ்ச் வழியாக டிரங்க் காலில் கூப்பிடுவார்கள். நான் யாரென்று கேட்டுக்கொண்டு, கம்ப்யூட்டரோடு இணைத்த பெட்டியின் இரண்டு ரப்பர்க் குழிகளில் ரிசீவரைக் கவிழ்த்து வைப்பேன். அதன்பின் இரு பக்க இயந்திரங்களும் கீச்சுக் குரலில் பேசிக்கொள்ளும். அவர்கள் தங்கள் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்து உள்ளே வந்து, வேண்டிய கோப்பை எடுத்துக்கொள்வார்கள்.

வர முடியாவிட்டால் என்னைத்தான் கேட்பார்கள். ஒருவருக்கு மட்டும் வரவில்லையென்றால் அவர் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்திருப்பார், அல்லது அந்தக் கோப்பைத் திறக்க அவருக்கு அனுமதி தரப்பட்டிருக்காது. எல்லோருக்கும் வரவில்லையென்றால் கோளாறு எங்களிடம். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த இந்த முதல் கேள்வியை நான் ஒருநாளும் விட்டதில்லை.

என் கணவருக்கும் மாமியாருக்கும் மலையடிவாரத்தில் சந்தவாசலில் வீடு. பால்குடிக்கிற பிள்ளையோடு நான் மட்டும் மலைமேல் குவார்ட்டர்ஸில் இருந்தேன். குழந்தையை அலுவலகத்துக்குக் கொண்டுவர நிலைய அதிகாரி சம்மதித்திருந்தார். கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே வராந்தாவில் புடவைத் தூளி. உள்ளே வரக் கூடாது, சத்தம் கூடாது, யாராவது குறை சொன்னால் அன்றோடு சரி. அந்தச் சம்மதம் போனால் ஒன்று வேலையை விட வேண்டும், இல்லை பிள்ளையைக் கீழே விட வேண்டும். அவள் லேசாக முனகினாலும் ஓடுவேன். அவள் தூங்கினால், ஏன் இவ்வளவு நேரம் தூங்குகிறாள் என்று ஓடுவேன்.

அந்த வருடம் ஆயுத பூஜையை விடுமுறைக்கு முந்தின நாளே அலுவலகத்தில் போட்டோம். சந்தனத்தை நான் குழைத்தேன், அதிகாரி பொட்டு வைத்தார். தாராளமான கை அவருக்கு. கம்ப்யூட்டர், பிரிண்டர், ஜீப், பீரோ, கடைசியில் டெலிபோன். தட்டை ஏந்திக்கொண்டு நான் கூடவே நடந்தேன்.

விடுமுறை முடிந்து வந்த அன்றே சென்னையிலிருந்து புகார். உள்ளே வர முடியவில்லை என்றார்கள். பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தேன். மறுபடி கூப்பிட்டு, திரையில் வெறும் குப்பையாக எழுத்து ஓடுகிறது என்றார்கள். கல்லூரிக்காரரும் அதையே சொன்னார். ஆக, கோளாறு எங்களிடம். ஆனால் என் திரையைப் பார்த்தால் அவர்கள் எல்லோரும் ஒழுங்காக உள்ளே வந்திருந்தார்கள். அவர்கள் அடித்தது எங்களுக்குச் சரியாக வந்தது, எங்கள் பதில்தான் போய்ச் சேரவில்லை. கோப்புகளின் அனுமதியைப் பார்த்தேன், ஒயரைக் கழற்றி மாட்டினேன், இயந்திரத்தை நிறுத்தி ஓட்டினேன். ரிசீவரை எடுக்கும்போதெல்லாம் சந்தனம் மணத்தது. நல்ல மணம் என்று நினைத்தேனே தவிர, வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அட்டெண்டர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னாம்மா, பெட்டிக்கு சுரமா? தாயத்து கட்டிப் பாரேன்" என்றார். அதிகாரி சிரிக்கவில்லை. வராந்தாவில் தூளியைப் பார்த்தபடி நின்றார்.

"ஏம்மா, கொழந்த உள்ள வந்துச்சா?"

"இல்லீங்க சார்."

சொல்லிவிட்டேனே தவிர எனக்கே நிச்சயமில்லை. அவள் தவழ ஆரம்பித்திருந்தாள். ஒருமுறை வாசற்படிவரை வந்தவளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். நான் பார்க்காதபோது வந்திருப்பாளோ?

மறுநாள் சென்னை அலுவலகத்துக்காரர் அலுத்துப்போய்ச் சொன்னார்: "கெணத்துக்குள்ள இருந்து பேசுறாப்புல இருக்கு மேடம் உங்க குரலு." டிரங்க் காலில் எல்லோருமே கத்தித்தான் பேசுவோம், அதனால் அதுவரை யாருக்கும் உறைக்கவில்லை. அவர் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. ரிசீவரைத் திருப்பிப் பார்த்தேன். நாம் பேசுகிற பக்கத்துத் துளைகளின்மேல் சந்தனம் அடையாகக் காய்ந்து கிடந்தது, நடுவில் குங்குமம். இயந்திரத்தின் கீச்சுக் குரல் அதைத் தாண்டிப் போகவில்லை.

உடனே துடைத்திருக்கலாம். பூஜையில் வைத்த பொட்டை எங்கள் வீட்டில் யாரும் அழிப்பதில்லை, அதுவாக உதிரட்டும் என்று விட்டுவிடுவார்கள். குங்குமத்தை ஒரு சுமங்கலி தன் கையாலேயே அழிப்பதா? பிள்ளைக்கு ஏதாவது வந்துவிட்டால்? அதிகாரியிடம் கேட்கலாமென்றால், "நீங்கள் வைத்ததுதான் சார் கோளாறு" என்று எப்படிச் சொல்வது? கடைசியில் குழந்தையின் துணியை நனைத்துத் துடைத்தேன், ஊக்கு முனையால் ஒவ்வொரு துளையாகக் குத்தி எடுத்தேன். சென்னையைக் கூப்பிட்டு ரிசீவரைக் குழியில் வைத்தேன். கோப்பு முழுதாகப் போய்ச் சேர்ந்தது.

அதிகாரி வந்தார். சொல்லத்தானே வேண்டும், சொன்னேன். அவர் ரிசீவரைப் பார்த்தார். அது சுத்தமாக இருந்தது.

"பூஜ பொட்ட அழிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு என் முன்னாலேயே சென்னைக்குப் பேசினார். "ஒண்ணுமில்ல சார். ஆபரேட்டரம்மா கைக்கொழந்தய வெச்சிக்கினு வேல செய்யிறாங்க, அது ஒயர இழுத்து விட்டிருக்கு. இனிமே கொழந்த இங்க வராது சார்." பேசி முடித்து ரிசீவரை என்னிடம் மெதுவாக நீட்டினார். நான் வாங்கி வைத்தேன். இல்லை சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வேலையும் போயிருக்குமோ? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைச் சந்தவாசலில் விட்டேன். "வேல போகாம நிக்கிதே, அதப் பாரு" என்றார் கணவர். மாமியார் ராகிக் கஞ்சி கொடுத்துப் பழக்கினார். மலைமேல் ஆபீஸ் நேரத்தில் பால் கட்டி ரவிக்கை நனையும், புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாஸ்வேர்டு சொல்லுவேன். சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து இறங்கினேன். ஒரு சனிக்கிழமை அவள் மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அம்மாடி, ஒங்கம்மாதான்" என்றார் மாமியார். எனக்குத்தான் அறிமுகம் தேவைப்பட்டது.

அடுத்த ஆயுத பூஜைக்கும் நான்தான் சந்தனம் குழைத்தேன். அதிகாரி வருவதற்குள் ரிசீவரின் பேசுகிற பக்கத்தில் ஒரு வெற்றிலையைச் சுற்றி நூலால் கட்டிவைத்தேன். அவர் எதுவும் கேட்காமல் வெற்றிலைமேல் பொட்டு வைத்தார். அப்படியென்றால் அவருக்கும் தெரிந்திருக்கிறது.

விடுமுறை முடிந்து சென்னைக்காரரும் கல்லூரிக்காரர்களும் கம்ப்யூட்டருக்குள் சிரமமில்லாமல் வந்தார்கள். குழந்தையைத் திரும்பக் கூட்டிவரலாமா என்று அதிகாரியிடம் கேட்டேன். அது பழைய உத்தரவும்மா, மாற்ற முடியாது என்றார்.