சட்டி வாங்கிய திட்டு

ஏற்காட்டுப் பழைய சாமான் கடை ஒன்றில், துருப்பிடித்த வாளிகளுக்கு அடியில் அந்த நீலச் சட்டியைக் கண்டேன். எனாமல் பூசிய வார்ப்பிரும்பு என்பது பிறகுதான் தெரிந்தது. மூடியோடு தூக்கினால் தோள்பட்டை இறங்கிவிடும். மூடியின் உடைந்த பிடியில் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. சுற்றியவர் என் மாமியார், அவர் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமான அடையாளம். கொட்டச்சேட்டு எஸ்டேட் பங்களாவில் பல வருடங்கள் அவர் கறியும் கிழங்கும் போட்டு ஸ்டூ வைத்தது இதில்தான். பங்களா கைமாறியபோது இந்தச் சட்டியை மட்டும் கேட்க நினைத்தார். வாய் திறப்பதற்குள் சாமான்கள் வண்டியேறிவிட்டன. அந்தக் குறை அவருக்குத் தீரவேயில்லை.

வாங்கி வந்தேன். புதிதுபோல் ஆக்கிக் கொடுத்து நல்ல மாப்பிள்ளை என்று பெயரெடுக்க ஆசை. அறிவு வேலை செய்த இடம் இதுதான். எனக்குத் தெரிந்த இரும்பு தோசைக்கல் ஒன்றுதான். அதை வெறும் இரும்பாகத் தேய்த்து எண்ணெய் விட்டுப் பழக்க வேண்டும். ஆகவே நீலம் என்பது எவனோ அடித்த பெயிண்ட் என்று முடிவுகட்டி, கொல்லையில் உளியோடு உட்கார்ந்தேன். வெளிப்பக்கம் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சில்லு பெயர்ந்தபோது, பஸ்ஸை விட்டு இறங்கி மாமியார் வந்து நின்றார்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளையை முகத்துக்கு நேரே திட்டுகிற வழக்கமில்லை. மாமியார் உட்கார்ந்து சட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏஞ்சாமி, எத்தன பேருக்கு ஸ்டூ வெச்சுக் குடுத்தே, உனக்கு இந்த உளியடி தேவையா? கண்ணாடிய உருக்கிப் பூசுனத பெயிண்ட்டுன்னு ஒருத்தர் நெனச்சா நீ என்ன பண்ணுவே?"

என் மனைவி வாசற்படியில் சாய்ந்தபடி, "சட்டிக்குக் காது கேக்குதாம்மா?" என்றாள்.

"சட்டிக்கு நல்லாக் கேக்குது கண்ணு."

உள்பூச்சு பெயர்ந்திருந்தால் சில்லு சோற்றில் வந்துவிடும், இனி அதில் சமைக்க முடியாது என்றார். விரல் நுனியால் உள்ளே அங்குலம் அங்குலமாகத் தடவினார். நான் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவன்போல் நின்றேன். "பொழச்சுட்டே" என்றார், சட்டியிடம்தான். பிறகு மூன்று நாள், தண்ணீரில் சமையல் சோடா போட்டு இளந்தீயில் காய்ச்சுவதும், ஆறவைத்துத் துணியால் துடைப்பதுமாக இருந்தார். உள்ளே படிந்திருந்த கறுப்பு கழன்று, பூச்சின் பாலாடை நிறம் மெல்ல மேலே வந்தது. நான் தந்த காயத்தில் துரு ஏறாமல் எண்ணெய் தடவினார்.

நாலாம் நாள் ஸ்டூ. அவர் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருக்க, உதவுவதாக நினைத்து வெறும் சட்டியைக் கேஸ் அடுப்பில் ஏற்றி முழுத் தீயை வைத்தேன்.

"அறிவு இருக்குதுங்களா உங்களுக்கு? காலிச் சட்டிய இப்படிக் காய விட்டா பூச்சு வெடிச்சுப் போயிருமுங்க. அணைங்க மொதல்ல."

அணைத்தேன். கை தானாகத் தண்ணீர்ச் சொம்புக்குப் போனது.

"தண்ணி ஊத்துனா அத்தோட போச்சு. கையக் கட்டிட்டு நில்லுங்க."

கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சட்டி ஆறியதும் மாமியார் மறுபடி விரலால் தடவிப் பார்த்தார். உள்ளே ஒரு கீறலும் இல்லை. அப்போதுதான் யாரைத் திட்டினோம் என்பது மாமியாருக்கு உறைத்தது, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு சொல்லுங்கத்தை, சட்டி ஒண்டியா எத்தனைதான் தாங்கும்?" என்றேன்.

சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

இப்போதெல்லாம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் திட்டு நேராக எனக்கே வருகிறது. சட்டி தன் பாட்டுக்கு நிம்மதியாகக் கொதிக்கிறது.