ஓரகத்தி நின்ற வரிசை

எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் மாதம் ஒருநாள் தீபாவளியைவிடப் பெரிய நாள். அமெரிக்க அரசாங்கம் கிரீன் கார்டு தேதிப் பட்டியலை வெளியிடும் நாள் அது. எந்தத் தேதிக்கு முன்னால் விண்ணப்பித்தவர்களுக்கு இந்த மாதம் கார்டு கிடைக்கும் என்று அதில் போட்டிருக்கும். டெக்ஸாஸில் இருக்கும் என் கொழுந்தன் அதை அனுப்பிவைப்பான். உடனே திருச்சியில் என் மாமியார் தொடங்கி ஒவ்வொருவராக "தேதி நகர்ந்துச்சா?" என்று கேட்பார்கள். ஒரு வாரம் நகர்ந்திருந்தால் கைகூப்பும் பொம்மைகள் வரும். நகரவில்லை என்றால் அழும் பொம்மைகள்.

நான் பஹ்ரைனில், குதைபியாவில், மூன்றாவது மாடியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு வயிறு எரியும். பொய் சொல்வானேன்?

எங்களுக்கு நகர எந்தத் தேதி இருக்கிறது? இருபத்தேழு வருடமாக இங்கே இருக்கிறோம். என் வீட்டுக்காரருடைய கம்பெனி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விசாவைப் புதுப்பிக்கும். ஒருநாள் 'கலாஸ்', முடிந்தது என்று சொல்லிவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதற்கு எந்த மாமியாரும் கைகூப்பப் போவதில்லை. கொழுந்தன் மனைவி, என் ஓரகத்தி, அவளுக்கு ஒரு வரிசை இருந்தது. எவ்வளவு நீளமாக இருந்தால் என்ன, அதன் கடைசியில் ஒரு கதவு இருந்தது. எனக்கு நிற்க வரிசையே கிடையாது.

ஒருமுறை இதை இவரிடம் சொன்னேன். "நிக்காம உக்காந்திருக்கோம்ல, நல்லதுதானே?" என்றார். என்ன செய்ய இந்த மனுஷனை! கல்யாணமான புதிதில் அமெரிக்கா போக இவருக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. "பஹ்ரைன்னா நாலரை மணி நேரத்துல ஊருக்குப் போயிடலாம்" என்று இங்கே கூட்டி வந்தவர். அதே வாய்ப்பு பிறகு தம்பிக்கு வந்தபோது தம்பி விடவில்லை.

அந்தப் பொறாமையில்தான் நான் அமெரிக்க அரசியலைப் படிக்க ஆரம்பித்தேன். ஈசா டவுனில் ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். மதிய இடைவேளையில் மற்ற டீச்சர்கள் புடவை பார்ப்பார்கள், நான் அமெரிக்க மேலவையின் நடவடிக்கைகளைப் பார்ப்பேன். ஒரு நாட்டுக்கு வருடத்துக்கு இத்தனை கார்டுதான் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சின்ன நாட்டுக்கும் அதே அளவு, இந்தியாவுக்கும் அதே அளவு. அதனால்தான் நம் ஆட்களின் வரிசை மட்டும் அசையாமல் கிடக்கிறது. அந்த வரம்பை எடுக்க ஒரு மசோதா. அதை எதிர்ப்பதாக அங்கே யானைச் சின்னக் கட்சியும் சொல்லவில்லை, கழுதைச் சின்னக் கட்சியும் சொல்லவில்லை. தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்காரர்களும் நம் ஆட்களோடு நின்று விளக்கேற்றுவார்கள். ஆனால் முதலில் எல்லையில் வேலியைப் போடு, அப்புறம் பார்க்கலாம் என்பார் ஒருவர். காகிதம் இல்லாமல் இருக்கிறவர்களுக்கும் வழி செய், இல்லாவிட்டால் யாருக்கும் வேண்டாம் என்பார் இன்னொருவர். எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒருத்தி லீவு கேட்டால், அவளுக்குக் கொடுத்தால் எனக்கும் வேண்டும் என்று இன்னொருத்தி நிற்பாள். கடைசியில் இருவருக்கும் இல்லை என்று ஆகிவிடும். அதேதான். மேலவையில் ஒரே ஒரு உறுப்பினர் எழுந்து 'ஆட்சேபிக்கிறேன்' என்றால் போதும், அந்த வருடம் முடிந்தது.

குடும்பத்தில் இதையெல்லாம் விளக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று ஆகிப்போனது. கொழுந்தனே "அண்ணி என்ன சொல்றாங்க?" என்று கேட்பான். அதில் எனக்கு ஒரு கர்வம் வேறு.

ஓரகத்தி மகளுக்கு அப்போது இருபது வயது. இரண்டு வயதில் அங்கே போனவள். இருபத்தொன்று ஆகிவிட்டால் அப்பாவின் விண்ணப்பத்திலிருந்து அவள் பெயர் கழன்றுவிடும். கொழுந்தன் பயந்துபோய்க் கனடாவுக்கும் விண்ணப்பித்து வைத்திருந்தான். அது கிடைத்தும்விட்டது. குடும்பத்தோடு அந்த மாத முடிவுக்குள் போய் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் காகிதம் காலாவதி. போனால் வேலை, வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

அந்த நேரத்தில்தான் மேலவை மசோதாவை நிறைவேற்றியது. குழுவில் ஒரே கூத்து. மாமியார் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் செய்து கொடுத்துவிட்டார். நான் முழு வாசகத்தையும் உட்கார்ந்து படித்தேன். கீழவை முன்பு நிறைவேற்றியது வேறு வடிவம், இது வேறு வடிவம். இரண்டும் ஒன்றாகாமல் சட்டம் கிடையாது. அவைகள் கலைய இரண்டு வாரம்தான் இருந்தது. கலைந்தால் எல்லாம் பூஜ்யத்திலிருந்து. இது தேறாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் ஓரகத்தி கூப்பிட்டாள்.

"அக்கா, கனடாவா இதுவான்னு இவரு மண்டைய ஒடச்சுக்கிறாரு. வக்கீலும் பிடி குடுத்துப் பேச மாட்டேங்குறாரு. நீங்கதான் எல்லாத்தையும் படிக்கிறீங்க. நீங்க சொல்லுங்க."

சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் கனடா என்றால் இறங்கியதும் குடியுரிமைக்குப் பாதி வழி. கொஞ்ச வருடத்தில் பாஸ்போர்ட்டே கொடுத்துவிடுவார்கள். வரிசையில் நிற்கிற ஓரகத்தியைச் சகித்துக்கொள்ள எப்படியோ பழகியிருந்தேன். வரிசையைத் தாண்டிக் குதித்துவிடுகிற ஓரகத்தியை என்னால் தாங்க முடியவில்லை.

"கனடாவா? அந்தக் குளிர்ல போய் யாரு முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறது? மேலவையே பாஸ் பண்ணிடுச்சு. இனிமே சும்மா ஒரு கையெழுத்துதான். அவசரப்படாதீங்க."

"அப்பாடா! உங்க வாய்க்குச் சக்கரை போடணும்க்கா" என்றாள்.

இரண்டு வாரத்தில் அவைகள் கலைந்தன. மசோதா செத்தது. அதற்குள் கனடாக் காகிதமும் காலாவதியாகியிருந்தது. நான் சொன்னதால் மட்டும் இல்லை, அவர்களுக்கும் அந்த வீட்டை விட மனம் வரவில்லை என்று எனக்கு நானே இத்தனை வருடமாகச் சொல்லிக்கொள்கிறேன். எடுபடவில்லை.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தொன்று முடிந்தது. மாணவர் விசாவுக்கு மாறிப் படித்தாள். வேலை விசாவுக்கான குலுக்கலில் மூன்று முறை பெயர் விழவில்லை. இந்த வருடம் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். சென்னையில் ஒரு வேலை. அப்பா அம்மாவை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாகப் போகிறாள். போகிற வழியில் எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கினாள். விமான நிலைய வாசலில் அவள் டாக்ஸிக்காரரிடம் பேசிய ஆங்கிலத்தைக் கேட்டு அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது. என்ன ஜென்மம் நான்!

ஒரு காலையில் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள், "பெரியம்மா, நீங்க இங்க சிட்டிசன்ஷிப் அப்ளை பண்ணலையா?"

"அப்படி ஒண்ணு நமக்கு இங்க இல்லம்மா."

"எப்பவுமே இல்லையா? அப்போ எப்படிப் பயமில்லாம இருக்கீங்க?"

சட்னியை அவள் பக்கம் நகர்த்தினேன். அவளே தட்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

"அம்மா எப்பவும் சொல்வாங்க. அந்த டைம்ல எல்லாரும் பயமுறுத்துனாங்களாம். நீங்க ஒருத்தர்தான் எங்களுக்கு நல்ல வார்த்தை சொன்னீங்களாம். உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லச் சொன்னாங்க."

எழுந்து போய் அவளுக்கு இன்னொரு தோசை வார்த்தேன். போதும் பெரியம்மா என்றாள், கேட்காமல் வைத்தேன். அவள் கிளம்பும் வரை ஒன்றும் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவள் அம்மாவுக்குத் தெரியும்.