ஸ்டட் மாப்பிள்ளை

என் வீட்டுக்காரரை இந்தத் தெருவில் எல்லோரும் 'ஸ்டட் மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெயர் வைத்த புண்ணியவான் என் அப்பா, இந்தப் பட்டறை முதலாளி. கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். இவரும் சேர்ந்து சிரித்து வைக்கிறார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

கல்யாணத்துக்குப் பிறகு இங்கே சேர்ந்தவர். இன்ஜின் வேலை முழுக்க இவர் தலையில்தான். என் தம்பிக்கு ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. ஆனால் மகன் ஆயிற்றே. நான் முன்னால் கவுன்ட்டரில் உதிரிபாகம் விற்கிறேன். அதனால் உள்ளே நடப்பதெல்லாம் என் காதில் விழும்.

ஒரு லாரி மேடு ஏறும்போதெல்லாம் கொதித்தது. இன்ஜினின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட்டை மாற்றி அனுப்புவோம், போன சுருக்கில் திரும்பி வரும். ஹெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் இழுபட்டுவிட்டன என்று இவர் கண்டுபிடித்தார். பழையதையும் புதியதையும் கவுன்ட்டர் கண்ணாடிமேல் நிறுத்திக் காட்டினார். பழையது நெட்டையாக இருந்தது. புது போல்ட்டும் வேண்டாம், ஸ்டட் போடலாம் என்றார். ஸ்டட் என்பது தலையில்லாத தண்டு. அதை பிளாக்கில் கையால் திருகி நிறுத்திவிட்டு மேலே நட்டை மட்டும் முறுக்கினால் போதும், பிடி ஒரே சீராக இருக்கும். காலமெல்லாம் போல்ட்டு மாட்டிய அப்பா முறுக்கிக்கொண்டார். வாக்குவாதம் முற்றி, ஸ்டட் போட்டு இந்த லாரி திரும்பி வராவிட்டால் பட்டறைச் சாவியையே மாப்பிள்ளையிடம் கொடுக்கிறேன் என்று லாரிக்காரர் முன்னாலேயே சொல்லிவிட்டார். அந்தச் சாவிக்காக இவர் எத்தனை பேச்சை விழுங்கினார் என்று எனக்குத் தெரியும்.

பிளாக்கில் ஸ்டட் இறங்கும் ஓட்டைகளைத் துடைத்து, காற்றடித்து, சொட்டு ஈரமில்லாமல் வைத்துவிட்டு, எங்களிடம் தீர்ந்துபோன கேஸ்கெட்டை வாங்க இவர் வெளியே போனார். திரும்பி வந்தால் ஸ்டட்டெல்லாம் பிளாக்கில் நிற்கின்றன. அப்பா நீள ஸ்பேனர் போட்டு இறுக்கியிருந்தார். எதை மாட்டினாலும் ஓட்டையில் எண்ணெய் ஊற்றிவிட்டு மாட்டுவது அவர் பழக்கம். போல்ட்டு அடிவரை போகாது, அதனால் தப்பித்துக்கொண்டிருந்தார். ஸ்டட் அடிவரை போகும். கீழே சிக்கிய எண்ணெய்க்குப் போக வழியில்லை, இறுக்க இறுக்க பிளாக்கையே பிளந்துவிடும்.

"மாமா, ஒண்ணே ஒண்ணைக் கழட்டிப் பாத்துக்கறேன்" என்றார் இவர்.

"நான் மாட்டினதை நீங்க கழட்டிப் பாப்பீங்களா மாப்பிள்ளை?"

லாரிக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இவர் ஹெட்டைத் தூக்கி வைத்தார். மாமனார் மரியாதையாம். அதைத் தூக்கிக் குப்பையில் போட.

வண்டியைக் கிளப்பியதும் பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணீர் கசிந்தது. கழற்றினால் ஸ்டட்டின் அடியில் எண்ணெய், பக்கத்தில் விரிசல். அப்பாவும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, போல்ட்டே போதும் என்று படித்துப் படித்துச் சொன்னேனே என்று லாரிக்காரரிடம் அலுத்துக்கொண்டார். இவர் குனிந்து ஸ்டட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றியது அப்பாதான் என்று நான்தான் கவுன்ட்டரிலிருந்து கத்தினேன். பொம்பளைக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்று லாரிக்காரர் என் வாயை அடைத்தார். சாவி தம்பிக்குப் போனது. இவருக்குப் பட்டப்பெயர் கிடைத்தது.

போன மாதம் அப்பாவின் சொந்தக் காரில் ஹெட்டைக் கழற்ற வேண்டி வந்தது. ஒரு செட் ஸ்டட் எடுத்து வை என்று என்னிடம் மெல்லச் சொன்னார். மனம் திருந்திவிட்டார் போல என்று நினைத்து, வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். இவர் ஹெட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அப்பா ஸ்க்ரூடிரைவரில் துணியைச் சுற்றி, ஒவ்வொரு ஓட்டையாக விட்டு எடுத்து, பிசுக்கு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக, தப்பு எண்ணெயில்தான் என்று அப்பாவுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

"இந்தத் தடவை எண்ணெய் ஊத்தலையாப்பா?" என்றேன்.

அவர் கை நின்றது. பதில் இவரிடமிருந்துதான் வந்தது.

"மாமா துடைக்கட்டும். நீ போ."

அதற்குள் வாசலில் யாரோ வந்து, ஸ்டட் மாப்பிள்ளை இருக்கிறாரா என்று கேட்டார்கள்.

"உள்ளதான் இருக்காரு, வாங்க" என்றார் அப்பா, சிரித்தபடி, துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே.