கறுப்புத் துணி சுற்றிய புட்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரு வருடம் என் தகப்பனார், அத்தா, படுக்கையில் விழுந்தார். மெட்ராஸில் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சியை அப்படியே விட்டுவிட்டுச் சொந்த ஊரான பெருமாட்டிக்கு வந்து, எங்கள் கொப்பரைக் கடையில் உட்கார்ந்தேன். பேராசிரியர் நல்ல மனிதர். ஒரு புட்டி மோனோமர் கரைசலைக் கையில் கொடுத்து, "உங்கள் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? அங்கேயே அளந்துகொண்டு வா" என்றார். பாலக்காட்டு மழையை அவர் பார்த்ததில்லை.

தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்து கிடக்கும் சரக்கு அந்த மோனோமர். வெளிச்சம் பட்டால் அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சங்கிலியாக நீளும். கரைசல் இறுகிக் கட்டியாகிவிடும். கட்டியாவது பெரிதல்ல. எவ்வளவு வெயிலில், எவ்வளவு நேரத்தில், எவ்வளவு இறுகியது என்று அளந்தால்தான் எனக்குப் பட்டம். அதுவரை வெளிச்சம் படக்கூடாதென்று கறுப்புத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன். கப்பலில் வந்த சரக்கு. இன்னொரு புட்டி கேட்க எனக்கு முகமில்லை.

கர்க்கடக மாதம், அதாவது ஆடி, முழுக்க மழை. காலையில் வானத்தைப் பார்ப்பேன், கடைக்குப் போவேன், திரும்பி வருவேன். கொப்பரைக்குப் பூசணம் பிடித்தது. எனக்கும் பிடித்திருக்கும்.

ஒருநாள் சுள்ளென்று வெயில் அடித்தது. நாள் பார்த்தாற்போல் அன்றுதான் சந்தை. நாளைக்கு ஆரம்பிக்கலாம் என்று கடைக்குக் கிளம்பிவிட்டேன். மத்தியானம் சோற்றுக்கு வந்தால் வீட்டுச் சாமான் பாதி முற்றத்தில் கிடக்கிறது. மழை விட்ட முதல் வெயிலில் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். மெத்தை, மிளகாய், ஊறுகாய் ஜாடி, ஒன்றும் உள்ளே தங்காது. ஜாடிகளுக்கு நடுவே என் புட்டி நின்றது. கறுப்புத் துணியைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள் மனைவி.

சாய்த்துப் பார்த்தேன். உள்ளே அசைவில்லை.

"ஏனுங்க, கெட்டுப்போச்சுங்களா?" என்றாள். முகம் வெளுத்துவிட்டது. "துணியெல்லாம் பூசணமுங்க. அதான் ஊறுகாயோட வெயில்ல வெச்சுப்போட்டேன்."

வந்த கோபத்துக்குப் புட்டியைக் கிணற்றில் எறிந்திருப்பேன். கத்தக்கூடத் தெம்பில்லை. "கெடல. ஆக வேண்டியது ஆயிப்போச்சு" என்றேன்.

"அப்ப இனி மெட்ராஸ் போக வேண்டாமுங்களே?"

இத்தனை நாளும் அவள் கேட்க நினைத்து விழுங்கியது இதைத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. "வேண்டாம்" என்றேன். சொன்னதும் துக்கமாக இருந்தது. கூடவே, வெட்கத்தை விட்டுச் சொன்னால், நிம்மதியாகவும் இருந்தது.

சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போய்க் கொப்பரையை வெயிலில் பரப்பினேன். அதை அளக்க வேண்டியதில்லை, காய்ந்தால் போதும்.