மடியில் இருந்த கன்று

விருத்தாசலம் பஸ்ஸில் அந்தக் கல்லூரி மாணவியை அடிக்கடி பார்ப்பேன். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்து இறுக்கிய சடை, மடியில் ஒரு மரக்கன்று. ஜன்னல் காற்றில் இலை கிழியாமல் துப்பட்டாவால் மூடிக்கொள்வாள். நிலக்கரிச் சுரங்கத்துக்காக வெட்டுகிற மரம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று நட்டே தீருவேன் என்பாள். எனக்கும் ஒரு வேப்பங்கன்று கொடுத்துவிட்டு, பார்க்கும்போதெல்லாம், "தண்ணி ஊத்துனீங்களா சார்?" என்று மிரட்டுவாள்.

போன மாதம் அவள் காலடியில் ஒரு கட்டுத் தேக்கங்கன்றுகள் கிடந்தன. துப்பட்டா தோளிலேயே இருந்தது.

"இவ்வளவு எதுக்கும்மா?"

"எங்க நெலத்தையும் சுரங்கத்துக்கு எடுக்கப் போறாங்க சார். அளக்க வர்றப்ப மரம் நின்னா அதுக்கும் சேத்துப் பணம் குடுப்பாங்களாம். ஊரே நெருக்கி நெருக்கி நட்டுக்கிட்டு இருக்குது. அப்பா வாங்கியாரச் சொன்னாரு."

"இந்த வெயில்ல வேர் புடிக்குமா?"

"புடிக்கக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிறேன் சார். அளந்துட்டுப் போனதும் பட்டுப்போயிட்டா நல்லது. தழைச்சு நிக்கறப்ப வண்டிய வுட்டு ஏத்துனா என்னால பாக்க முடியாது."

இறங்குவதற்குள் வேம்பைப் பற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

அது தளிர்விட்டு நிற்கிறது. அவளிடம் அதை எப்படிச் சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.